தூசிக்கு

பொய் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதிலும் சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்கிறவர்களைக் கண்டால் அறவே ஆகாது. நூற்றுப் பன்னிரண்டு நாட்கள், இருபத்து நான்கு பெண்கள். "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. யார் அரை முறுக்கை மறைக்கிறாள், யார் பக்கத்து வீட்டுக் கோழிக்குழம்பை விழுங்குகிறாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரோடுதான் அந்தப் புதன்கிழமை மதியம், காளீஸ்வரிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு கோவில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

காளீஸ்வரிக்கு முப்பத்தாறு வயது. ஊருக்கு வெளியே உள்ள நூற்பாலையில், புளோ ரூமில் பதினான்கு வருஷமாக வேலை. பஞ்சு மூட்டையைப் பிரித்து உதறுகிற கூடம் அது. மில்லில் மற்ற எல்லா இடத்திலும் எந்திரக் கைகள் வந்துவிட்டன. ஆனால் பஞ்சுக்குள் கிடக்கும் கோணி நாரையும் தலைமுடியையும் பொறுக்குவதற்கு இன்னும் மனுஷக் கண்தான் வேண்டியிருக்கிறது. கண்ணோடு மூக்கும் சேர்ந்துதானே உள்ளே போகும். காளீஸ்வரிக்கு ஆஸ்துமா வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பதினோரு வருஷமும் அவள் சுவரில் சாய்ந்து, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள்.

அவளைப் போன்ற இருபத்து நான்கு பேருக்குத்தான் எங்கள் நிறுவனம் சமனியைக் கொடுத்துப் பார்த்தது. சமனி என்பது ஒரு நுண்ணுயிர். ஆய்வகத்தில் திருத்தி அமைத்தது. ஒரே ஒரு முறை விழுங்கினால் போதும், குடலில் குடியேறிவிடும். முதல் நாள் மில் கேன்டீனில் பெண்களை உட்கார வைத்து, ஆய்வின் தலைவர் டாக்டர் மீரான் விளக்கம் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர், எதையும் நிதானமாகச் சொல்லுகிற மனுஷர்.

"ஆர்ஜினின்னு ஒரு சத்து இருக்கும்மா. பருப்பு, முட்டை, மீன் எல்லாத்துலயும் இருக்கு. உங்க மூச்சுக்குழாயில அந்தச் சத்துக்காக ரெண்டு பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தர் கையில கிடைச்சா குழாய் தளரும், மூச்சு லேசாப் போகும். இன்னொருத்தர் கையில கிடைச்சா குழாய்ச் சுவர் தடிக்கும், வீங்கும், இழுப்பு வரும். ஆஸ்துமா உள்ளவங்களுக்கு இந்த ரெண்டாவது ஆளு பலசாலி. வர்றதை எல்லாம் அவரே புடுங்கிக்கிறார்."

"எங்க தெருக் குழாயடி மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒருத்தி. கேன்டீனே சிரித்தது. அப்படித்தான் காளீஸ்வரியை எனக்குத் தெரிய வந்தது.

"அதேதான்" என்றார் டாக்டர். "சமனி உங்க குடல்ல உக்காந்து, அந்தச் சத்துக்கு வேற வேஷம் போட்டு அனுப்பும். புடுங்குற ஆளுக்கு அடையாளம் தெரியாது. உள்ள போய்ச் சேர்ந்தப்புறம் வேஷம் கலைஞ்சு, நல்லது செய்யற ஆள் கைக்குப் போயிரும்."

"அந்தச் சமனிக்குப் பசிச்சா என்ன செய்யும்?"

டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். படித்த குழுவில் ஒருவரும் அந்த வார்த்தையில் அதைக் கேட்டதில்லை. "சாப்பாட்டுல சத்து குறைஞ்சா, உங்க உடம்புல இருக்கிறதை எடுத்துத் தின்னும். அப்ப மூச்சுக்குழாய்க்கு மிச்சம் இருக்காது. அதனாலதான் நீங்க வழக்கமா என்ன சாப்பிடுறீங்கன்னு அளந்து பார்த்து, அதுக்குத் தகுந்த அளவு மட்டும் சமனி கொடுக்கப்போறோம்" என்றார்.

அளப்பதற்கு ஆளுக்கு ஒரு தட்டு கொடுத்தோம். அதில் எதை வைத்தாலும் என்ன, எத்தனை கிராம் என்று தானே கண்டுபிடித்து, வாய்விட்டுச் சொல்லி, எங்களுக்கும் அனுப்பிவிடும். கேன்டீன் தட்டுகளும் அப்படியே மாறின. தட்டுக்கு வெளியே தின்பதை நான் நேரில் கேட்டு எழுத வேண்டும். அதனால் எனக்கு அங்கே தட்டு மேடம் என்று பேர் வந்தது. ஜெபசீலி என்கிற என் சொந்தப் பேர் ஒருத்திக்கும் ஞாபகம் இல்லை. காளீஸ்வரியின் வீட்டுக்காரர் இசக்கிமுத்து ஆட்டோ ஓட்டுகிறவர். எங்க அம்மா கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை என்று தட்டைப் பார்த்து அலுத்துக்கொள்வார். ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்துமா இல்லாத ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி, என்னையும் என் சாப்பாட்டைத் தினம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஒரு நாள் விடாமல் எழுதினேன்.

சமனி கொடுப்பதற்கு முன்பு, முதல் பதினைந்து நாள் அளந்ததில் ஒரு சிறு முரண் வந்தது. தட்டு சொன்னதைவிட இந்தப் பெண்களின் ரத்தத்தில் ஆர்ஜினின் கூடுதலாக இருந்தது. இந்த ஊர்ப் பெண்களின் உடம்பு வாகு அப்படி என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினோம். அந்த உடம்பு வாகுக்குத் தக்கபடி சமனியின் அளவைக் கூட்டிக் கொடுத்தோம். அதோடு அதை மறந்தும் போனோம்.

பலன் நாங்களே எதிர்பாராதது. சமனி கொடுத்த மூன்றாவது வாரம் காளீஸ்வரி மில் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "மேடம், ராத்திரி மல்லாந்து படுத்தேன். எங்க வீட்டு உத்தரத்துல பல்லி குடியிருக்குன்னு பதினோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் பார்க்கேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு இருமல் வரவில்லை என்பதை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம்.

பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. சமனி குடலில் முழுதாகப் பெருகிவிட்ட மூன்றாவது மாதத்திலிருந்து எல்லாப் பெண்களின் மூச்சளவும் ஞாயிறு மாலை இறங்கியது, திங்கள் மதியம் ஏறியது. எங்களுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. தூசியில் இருக்கிற ஆறு நாளும் நன்றாக இருக்கிறார்கள், தூசியே இல்லாத வீட்டில் ஒரு நாள் இருந்தால் இழுக்கிறது. ஒரு ஞாயிறு காளீஸ்வரிக்கு அதிகமாகவே இழுத்துவிட்டது. குழு கூடிப் பேசி, பஞ்சுத் தூசி பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அவளை மில்லுக்கு லீவு போட வைத்தது. லீவில் அவள் நாளுக்கு நாள் மோசமானாள். மூச்சை ஊதி அளக்கிற ஊதுமானி அவளுக்கு நல்ல நாளில் நானூறு காட்டும், இப்போது முந்நூறுக்கு வந்தது, பிறகு இருநூற்று ஐம்பதுக்கு வந்தது.

"என்னைய மில்லுக்கு விட்டுருங்க மேடம். அங்கன போனா சரியாயிரும்" என்றாள் ஐந்தாவது நாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தூசிக்குள் போனால் ஆஸ்துமா சரியாகுமா, யார் காதில் பூ சுற்றுகிறாய் என்றேன். வீட்டில் இருக்கிற நாளில் தட்டில் வைக்காமல் எதையோ தின்கிறாய், கருவாடா, கோழியா, இப்போதே சொல்லிவிடு என்றேன். இசக்கிமுத்துவை வைத்துக்கொண்டேதான் சொன்னேன். கோவிலில் கொடுத்த அரைக் கரண்டிச் சர்க்கரைப் பொங்கலைக் கூட மறக்காமல் சொல்லி எழுத வைத்தவள் அவள். அன்றைக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சமனி உடம்புக்குள் போய்த் தன் குணத்தை மாற்றிக்கொண்டுவிட்டது என்று பாதுகாப்புக் குழு முடிவு செய்தது. முதலில் காளீஸ்வரி, அடுத்த வாரம் மற்ற இருபத்து மூன்று பேர் என்று எல்லோருக்கும் அணைப்பு மாத்திரை கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதை விழுங்கினால் ஆறு மணி நேரத்தில் சமனி செத்துவிடும். செத்த பிறகு உடம்பு அதை எதிரி என்று நினைவு வைத்துக்கொள்ளும், மறுபடி குடியேற விடாது. அதாவது, மறுபடியும் சுவர், மறுபடியும் மடியில் தலையணை, ஆயுசு முழுக்க.

லீவுப் படிவத்தில் மேலாளர் கையெழுத்து வேண்டியிருந்ததால் முதலில் மில்லுக்குப் போனேன். வாசலில் காவலாளி உச்சிமாகாளி அண்ணாச்சி வழக்கம்போலக் கடலை உருண்டையை நீட்டினார். அன்று எனக்குத் தின்கிற மனநிலை இல்லை. காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டேன். கையெழுத்தை வாங்கிக்கொண்டு காளீஸ்வரி வீட்டுக்கு நடந்தேன்.

அவள் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் முதுகு, மடியில் தலையணை. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. இசக்கிமுத்து ஆட்டோவை எடுக்காமல் பக்கத்திலேயே நின்றார். ஊதச் சொன்னேன். நூற்றுத் தொண்ணூறு.

விஷயத்தைச் சொன்னேன். இதற்கு மேல் வைத்திருந்தால் ஆபத்து என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"குடுங்க, போட்டுக்கிடுதேன்" என்றாள், நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கி. "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நான் பொய் சொல்லலைன்னு... உங்க தாள்ல எழுதுவீங்களா?"

எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாத்திரையைத் தேடுகிற சாக்கில் பைக்குள் கையை விட்டேன். அவசரத்தில் எது கையில் வந்ததோ அதையெல்லாம் எடுத்து வெளியே வைத்தேன். பேனா, ஊதுமானியின் உறை, காகிதம் அவிழ்ந்த கடலை உருண்டை. தரையில் வைக்க மனசு வராமல் உருண்டையை மட்டும் பக்கத்தில் கிடந்த தட்டில் வைத்தேன்.

தட்டு பேசியது. "வேர்க்கடலை, இருபத்தெட்டு கிராம். வெல்லம், பன்னிரண்டு கிராம். புதிய உணவு. இதைச் சாப்பிடுவது யார்?"

காளீஸ்வரிக்கு அந்த இழுப்பிலும் சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்துருங்க மேடம். அது சாப்பாடுன்னு நினைச்சு எழுதிரப் போகுது."

"சாப்பாடு இல்லாம என்ன?"

"அது தூசிக்கு."

அந்த மில்லில் இது பழைய வழக்கம். வெல்லம் தொண்டையில் ஒட்டிய தூசியைக் கீழே இறக்கிவிடும் என்று நம்பிக்கை. வெறும் வெல்லம் கையில் பிசுபிசுக்கும் என்பதால் கடலையோடு சேர்த்து உருட்டி வாசலில் வைத்திருப்பார்கள். புளோ ரூமுக்குப் போகிற யாரும் அதை வாயில் போடாமல் போக மாட்டார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன். தட்டு சொன்ன இருபத்தெட்டு கிராம் கடலை அப்போதுதான் உறைத்து, பையிலிருந்து கையை எடுத்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை போடுவீங்க?"

"மூணு. உள்ள போறப்ப ஒண்ணு, டீக்கு மணி அடிக்கிறப்ப ஒண்ணு, வெளிய வாறப்ப ஒண்ணு."

"எத்தனை வருஷமா?"

"மில்லுல சேர்ந்த நாள்ல இருந்துதான்."

"இத்தனை நாளா எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் என்னை உண்மையாகவே புரியாமல் பார்த்தாள். "நீங்க என்ன சாப்பிட்டேன்னுதானே கேட்டீங்க? இதைப் போய் என்னத்தச் சொல்ல? முகமூடி கூடத்தான் போட்டேன். அதையும் உங்ககிட்ட சொல்லலையே."

கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே டாக்டர் மீரானுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மில் வாசல் கிடையாது, காளீஸ்வரிக்கு ஒன்பது நாளாக மில் வாசலே கிடையாது என்றேன். உருண்டையைப் பற்றிச் சொன்னேன். எதிர்ப்பக்கம் அவர் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"வேர்க்கடலையில ஆர்ஜினின் ரொம்ப அதிகம்" என்றார் கடைசியில். "மூணு உருண்டைன்னா, அவங்க உடம்புல நாம கூடுதலாப் பார்த்தது அத்தனையும் அதுல இருந்து வந்ததுதான். நாம அந்த அளவுக்குச் சமனியை ஏத்திட்டோம். உருண்டை இல்லாத நாள்ல அது பட்டினி கிடக்குது. பட்டினி கிடந்தா என்ன செய்யும்னு முதல் நாளே அந்த அம்மா கேட்டாங்க."

"உடம்பு வாகுன்னு எழுதினோமே சார்."

"எழுதினோம்" என்றார்.

மாத்திரையைக் கொடுக்க வேண்டாம், குழுவிடம் நாளை மதியம் வரை அவகாசம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊதச் சொல்ல வேண்டும், நூற்று அறுபதுக்குக் கீழே போனால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி என்றார். தட்டில் இருந்த அந்த ஒரே உருண்டையைக் காளீஸ்வரி கடித்தாள். தட்டு எழுதிக்கொண்டது. இசக்கிமுத்து ஆட்டோவை விரட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார்.

அங்கே உச்சிமாகாளி அண்ணாச்சி லேசில் கொடுக்கவில்லையாம். வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் உருண்டை, வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன தூசி என்று கேட்டிருக்கிறார். இசக்கிமுத்து விளக்கிச் சொல்லப் போய் ஆர்ஜினின் என்ற வார்த்தை வாயில் வராமல், கடைசியில் "அண்ணாச்சி, அவ மூச்சே இதுலதான் இருக்கு" என்று சொன்னாராம். அண்ணாச்சி டப்பாவையே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து. அதை ஏற்றம் என்று சொல்ல முடியாது, நம்பலாம் என்று மட்டும்தான் சொல்ல முடியும். ராத்திரி நான் கிளம்புகிற போது இருநூற்று இருபது. இசக்கிமுத்து மணிக்கு மணி எண்ணை அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவும் செய்தார், ஒன்றுகூட இறங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் எழுந்து உட்கார்ந்தேன். கடலை உருண்டையை நம்பி ஒரு உயிரைப் பணயம் வைத்திருக்கிறோமே, ஆண்டவரே கைவிட்டுவிடாதேயும் என்று ஜெபித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். இசக்கிமுத்து உதட்டில் விரலை வைத்து, உள்ளே பார் என்று கண்ணால் காட்டினார். எட்டிப் பார்த்தேன். தலையணை தரையில் கிடந்தது. அதன் மேல் தலையை வைத்து, காலை நீட்டி, வாயை லேசாகத் திறந்துகொண்டு காளீஸ்வரி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். இசக்கிமுத்து சங்கடப்பட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

எழுந்ததும் ஊதினாள். முந்நூற்று அறுபது. பதினோரு மணிக்கே டாக்டருக்கு எண்ணை அனுப்பினேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் பேசுனது தப்பு. உங்களைப் பொய்க்காரின்னு சொல்லியிருக்கக் கூடாது."

"அது சரி" என்றாள் டீயை ஆற்றிக்கொண்டே. "வாயால சொன்னா ஆச்சா? தட்டுல வைக்காதது எதுவும் கணக்குல வராதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. தாள்ல எழுதுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். பாதிதான் விளையாட்டு. அவள் பார்க்கவே தாளை எடுத்து, காளீஸ்வரி ஒரு நாளும் பொய் சொல்லவில்லை, கேட்கத் தெரியாமல் கேட்டது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசித்துப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

அப்போது டாக்டர் அழைத்தார். இருவரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். குழு சம்மதித்துவிட்டது, யாருக்கும் மாத்திரை கிடையாது என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவுக்கும் சேர்த்து உருண்டையை வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லி மில்லுக்கு எழுதியாகிவிட்டது, சமனியின் அளவையும் மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருவோம் என்றார். காளீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு விட்டாள். தடங்கல் இல்லாமல் முழுதாகப் போய் வந்த மூச்சு.

"இன்னொரு விஷயம் ஜெபசீலி" என்றார் டாக்டர். "எல்லாத் தாளையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வச்சிருந்த உங்க தாளையும் சேர்த்துத்தான். இந்த நூத்துப் பன்னிரண்டு நாள்ல நீங்க மில்லுக்கு நாப்பத்தெட்டு தடவை போயிருக்கீங்க. உங்க தாள்ல ஒரு உருண்டை கூட இல்லையே. வாசல்ல உங்களுக்குக் கொடுக்கறது இல்லையா?"

ஒரு தடவை கூட நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. நேற்று ஒரு நாளைத் தவிர அத்தனையையும் வாசலிலேயே வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். சாயங்காலம் தாளில் இட்லியை எழுதினேன், டீயை எழுதினேன், பாதி வாழைப்பழத்தைக் கூட எழுதினேன். உருண்டை என் நினைப்பிலேயே வரவில்லை.

"கொடுப்பாங்க சார்" என்றேன்.

காளீஸ்வரி என் கையிலிருந்து போனை வாங்கினாள். மூச்சு வாங்காமல், ஒரே மூச்சில் சொன்னாள்.

"அவங்க பொய் சொல்லல டாக்டர். அவங்களும் தூசிக்குத்தான் போட்டாங்க."